கீழே வைத்த சீட்டு

ஞாயிறுதோறும் நானும் என் அக்காவின் கணவரான அத்திம்பேரும் வலியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் இன்டர்நெட் சென்டருக்கு நடந்துபோவோம். பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒரு சீட்டு விளையாட்டுக்கு அதன் ரசிகர்களே செய்து இலவசமாக விட்டிருந்த நகலில் மோதுவோம். அதில் விதிகளைக் கம்ப்யூட்டர் பார்க்காது. ஆடுகிறவர்கள்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அத்திம்பேருக்கு அது ரொம்ப வசதி.

"கை தவறிடுத்துடா, திரும்ப எடுத்துக்கறேன்" என்று ஆட்டத்துக்கு நாலு தடவை கெஞ்சுவார். கடையே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, கடைசியில் விட்டுக்கொடுப்பேன்.

அந்த விளையாட்டின் கம்பெனியே ஆன்லைன் ஆட்டம் தொடங்கியதும் உடனே சேர்ந்தேன். "இங்க கம்ப்யூட்டர்தான் நடுவர். நேரத்தையும் அதுவே எண்ணும். உங்க கெஞ்சலெல்லாம் நடக்காது" என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன்.

அதே சென்டரில் ஆடிய முதல் போட்டியில், ஜெயிக்கப்போகிற நேரத்தில் தப்பான சீட்டை வைத்துவிட்டேன். முகம் தெரியாத எதிராளிக்கு, "மன்னிக்கவும், கை தவறிவிட்டது, திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஆங்கிலத்தில் பணிவாகத் தட்டினேன். தட்டி முடிப்பதற்குள், இன்னும் முடிக்காத என் முறைக்கான நேரம் தீர்ந்து, தோற்றுவிட்டதாகத் திரையில் வந்தது.

பின்னால் நின்றிருந்த அத்திம்பேர் என் தோளைத் தட்டி, தன் வழக்கமான மலையாளக் கலப்பில் சொன்னார்.

"நானா இருந்தா குடுத்திருப்பேன், கேட்டோ."