சிப்பைக் கேட்காத பெட்டி

திருவொற்றியூரில் ஒரு சின்னப் பட்டறையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஆபத்துப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். பொத்தானை அழுத்தினால் படகின் எண்ணும் இருக்கும் இடமும் ரேடியோ வழியாகக் கரைக்கு வரும். மென்பொருள் என் பொறுப்பு. நடந்தது என் தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் கதை போல ஆகிவிடும்.

வழக்கமான ரேடியோ சிப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. அதே சிப்பின் இன்னொரு ரகம் கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. அலைபரப்ப வைக்கும் கட்டளை மட்டும் வேறு. எந்தப் பெட்டியில் எந்த ரகம் என்பதை ஒரு கோப்பில் எழுதி, படகு எண்ணோடு மெமரி கார்டில் வைத்தேன். மென்பொருள் அதைப் படித்து அப்படியே நடக்கும்.

உடன் வேலை பார்த்த வியாசர்பாடிப் பெண், என்னளவு அனுபவம் உள்ளவர், ஒப்பவில்லை.

“சார், இன்னா ரகம்னு சிப்புக்குள்ளயே நம்பர் கீது. பெட்டி ஆன் ஆனதும் சிப்பையே ஒரு வார்த்த கேட்டுடலாமே.”

“ஃபைல்ல எழுதி வச்சாச்சு. புரோகிராம் எதுக்கு ஊகம் பண்ணணும்?”

“ஊகம் இன்னா சார்? பொண்ணு பாக்கப் போய், பொண்ணாண்ட பேசாம ஜாதகத்த மட்டும் பாத்துட்டு வர்ற மாதிரி கீது.”

பட்டறையே சிரித்தது. என் கட்சி முட்டாள்தனமானது அல்ல. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதைச் சிப் பதித்த மின்சுற்றுப் பலகையால் சொல்ல முடியாது; எழுதித்தான் வைக்க வேண்டும். ஆனால் சிப் தன் ரகத்தைச் சொல்லும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். சிரித்ததைப் பொறுக்க முடியாமல், வேண்டாம் என்றேன்.

கார்டில் படகின் எண் இருப்பதால், அது படகோடுதான் இருக்க வேண்டும் என்று காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நாங்களே சொல்லியிருந்தோம். அதனால் பெட்டி கெட்டால், துறைமுகத்தில் பழுது பார்ப்பவர்கள் வேறொரு பெட்டியின் பலகையை மாட்டி, படகின் பழைய கார்டைச் செருகிக் கொடுத்தார்கள். போன் மாற்றினாலும் சிம் மாறாதே, அந்த வழக்கம்தான். புதுச் சிப், பழைய கோப்பு.

ஒரு காலையில் பழுது பார்ப்பவர் ஒருவர் பெட்டியோடு வந்தார்.

“இன்னா நைனா, பச்ச லைட்டு எரியுது, ரேடியோவப் பக்கத்துல வச்சாக்கூட ஒண்ணும் கேக்கல.”

பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன்: கார்டில் ஒரு ரகம், பலகையில் வேறு ரகம். கட்டளை போனதுமே விளக்கு எரியும்படி எழுதியிருந்தேன். அலை போயிற்றா என்று பார்க்கவில்லை.

“இதே மாதிரி வேற யாருக்காவது மாத்தினீங்களா?”

“என் மச்சானுங்க போட்டுக்குத்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு. முந்தாநாள் கடலுக்குப் போனாங்க. நேத்தே வந்துருக்கணும்.”

துறைமுகத்துக்கு ஓடினேன். அங்கே பதற்றமே இல்லை. தம்பியின் மனைவி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

“ஆபத்துன்னா பொத்தான அமுக்கியிருப்பாங்க இல்ல சார்? ஒண்ணும் வரல. மீன் நெறய மாட்டியிருக்கும், அதான் லேட்டு.”

எங்கள் பெட்டியின் மௌனத்தை நம்பித்தான் யாரும் தேடப் போகவில்லை. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மீனவர் சங்கத்து ஆட்களிடம் மட்டும், “பெட்டியில சின்னக் கோளாறு இருக்கலாம்” என்றேன். இருக்கலாம்! அந்த ஒரு சொல்லால் தேடும் படகுகள் மறுநாள்தான் கிளம்பின. மூன்று நாள் கரையில் நின்றேன். எனக்குத் தெரிந்த எதுவும் அந்தத் தண்ணீரில் ஓர் அடிகூடப் போகவில்லை.

தேடப்போன படகு ஒன்று, டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்த அண்ணனைக் கொண்டுவந்தது. தம்பி இல்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

“எஞ்சின் நின்னுடுச்சு நைனா. மொத நாளு கரைக்கு வர்ற போட்டு ஒண்ணு தூரத்துல போச்சு. தம்பி சட்டையக் கொளுத்திக் காட்டலாம்னான். நாந்தான், லைட்டு எரியுதுடா, நம்மள தேடி வந்துகினு இருப்பாங்க, கம்முனு குந்துன்னேன். அப்புறம் காத்து போட்டப் பொரட்டிடுச்சு.” என்னைப் பார்த்தார். “நாங்க பொத்தான அமுக்குனது கரைக்கு எப்ப வந்துச்சு?”

“காத்து ஜாஸ்தி. சிக்னல் சரியா வரல” என்றேன்.

அவர் தலையாட்டினார்.

“காத்துக்கு நீ இன்னா பண்ணுவ நைனா” என்று என் தோளில் கை வைத்தார்.