பெயர் எழுதாத காளைகள்

மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்த என் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் படிக்கிற காலத்தில் அவன் ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டிக்குள் என்னென்னவோ பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட்டு, பத்திரப்படுத்தி வைத்திருந்தான். அதே விளையாட்டு இப்போது புதிதாக வந்திருக்கிறது. பழைய பிராணிகளில் சிலவற்றைக் கம்பெனிக்காரர்கள் புதியதில் சேர்க்க மாட்டார்களாம். “சேத்தாலும் திரும்பப் பழசுக்குக் கொண்டுவர முடியாதும்மா” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளர்த்தவன் இவன். வேண்டாம் என்று சொல்ல அவர்கள் யார்?

இந்த அநியாயத்தை நான் ஏழெட்டு வயதிலேயே பார்த்தவள்.

புரட்டாசியில் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து களம் ஒழிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் களிமண்ணில் காளை செய்வோம். கொம்புக்கு முள். இரண்டு காளைகளை முட்ட விட்டால் உடைந்தது தோற்றது. அந்த முறை என் காளைகளில் மூன்று உடையவே இல்லை. அடுத்த ஆட்டம் கும்பப்பூ அறுப்புக்குப் பிறகுதான். மழைக்காலம் முழுக்க அவற்றை அடுக்களைப் பரணில் வைத்துப் புகை காட்டினேன். எலி இழுத்துவிடாமல் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தேன்.

மாசியில் களத்துக்குக் கொண்டுபோனால், அத்தான் புது வழக்கம் ஒன்று வைத்திருந்தான். அத்தை மகன், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். காளையின் வயிற்றில் உடையவர் பெயர் எழுதியிருக்க வேண்டுமாம். எழுதாத மாடு களத்தில் இறங்கக் கூடாதாம்.

“எனக்க காளை எதுன்னு ஒனக்குத் தெரியாதா அத்தான்?”

“தெரியும். ஆனா இது புது ஆட்டம். பேரு எழுதுட்டி.”

எப்படி எழுத? தம்பி பிறந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அப்போதும் அவன் என் இடுப்பில்தான் இருந்தான். எனக்குத் தெரிந்த நாலு எழுத்தும் என் பெயருக்குள் வரவில்லை.

“நீ எழுதித் தாயேன்.”

“அவியவிய கையால எழுதணும்.” சொல்லிவிட்டு அவனே ஆணியை எடுத்தான். “வேணும்னா எனக்க பேரப் போட்டு எறக்குதேன். மாடு ஆடும்லா? அது போராதா ஒனக்கு?”

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். “குடுத்திரு ஏட்டி, ஒனக்கு வேற வழியில்ல” என்றாள் ஒருத்தி.

மண்ணைப் பிசைந்தது என் கை. மழையில் காத்தவள் நான். பெயர் மட்டும் அவனுக்கா? மூன்றையும் பாவாடையில் அள்ளிக்கொண்டு போய்க் கால்வாயில் போட்டேன்.

அவன் பின்னாலேயே ஓடிவந்தான். “கிறுக்கி, நல்ல காளைலா!”

தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கியது. முட்கள் மட்டும் மேலே மிதந்து போயின.

அத்தானோடு ரொம்ப காலம் நான் பேசவில்லை. என் கணக்கில் குற்றவாளி அவன் ஒருவன்தான். இனிப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அப்பா சொன்ன அன்று, அவர் எனக்கு ஏதோ பெரிய சலுகை தந்துவிட்டதாக நினைத்து, தெருப் பிள்ளைகளிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தவள் நான்.