ராக்கெட் பெட்டியில் நின்ற தூண்

புதுச்சேரியில் பழைய பொருட்கள் விற்கும் கடையில் அந்தப் பிரெஞ்சு அஞ்சலட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். உயரமான தூண். அதன் உச்சியில் றெக்கை விரித்து ஒற்றைக்காலில் நிற்கும் ஆள். எனக்குத் தெரிந்தவர்தான். ஆனால் இதில் அவர் கையில் தீப்பந்தம் இருந்தது.

நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க அவர்தான். அப்பா வேலை பார்த்த சிவகாசி அச்சகத்தில், பந்தத்தை எடுத்துவிட்டு ராக்கெட்டைக் கையில் கொடுத்து, அவரைப் பட்டாசு லேபிள் ஆக்கியிருந்தார்கள். கலர் பிசகிய தாள்களை அப்பா கொண்டுவந்து சுவரில் ஒட்டுவார். வீடே மை வாசனை அடிக்கும்.

சீசனில் அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் போய்விடுவாள். "ஏட்டி, றெக்கைக்காரரு ஒன்னயப் பாத்துக்கிடுவாரு. வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். பகலெல்லாம் நான் அவரோடுதான் பேசிக்கொண்டிருப்பேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கம்பெனியில் வெடித்தது. வேன் திரும்பி வந்தது, அம்மா வரவில்லை. அடுத்த சீசனுக்கும் அதே லேபிளுக்கு ஆர்டர் வந்தது. அப்பாதான் அச்சடித்தார்.

"இது என்ன தூணுங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"புரட்சியில செத்தவங்க ஞாபகமா கட்டினது. அவங்க பேரெல்லாம் அந்தத் தூண்லயே வெட்டியிருக்காங்க."

அட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அம்மாவின் பெயரைத் தேடினேன்.