களிமண் வளைவில் யார் இறங்குவது

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து கீழே தலவாக்கலை டவுனுக்குப் போகும் பாதையில் ஒரு களிமண் வளைவு இருக்கிறது. மழை பெய்தால் அங்கே ஒரு வழக்கம்: பெண்கள் வண்டியை விட்டு இறங்கி நடப்பார்கள், ஆண்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். பெண்ணே வண்டியை ஓட்டினால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அதனால் நான் ஆட்டோ ஓட்டத் தொடங்கியதிலிருந்து என்னையும் இறங்கச் சொன்னார்கள். யாராவது ஓர் அண்ணன் வளைவைத் தாண்டி ஓட்டிக் கொடுப்பாராம், அதற்குப் பிறகு நான் வாங்கிக்கொள்ளலாமாம். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். லைசன்ஸை எனக்கு யாரும் தீபாவளிக்கு இனாமாகக் கொடுக்கவில்லை.

போன ஐப்பசி மழையில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரம், பக்கத்து லயத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிள்ளை, அதுவும் மாதம் நிறையவில்லை. புருஷன் கொழும்பில் வேலை. ஆம்புலன்ஸ் கீழே தார் ரோடு வரைக்கும்தான் வரும். மாமியார் அவளைப் பிடித்துக்கொள்ள, பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வளைவில் ஆட்கள் பாதையைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி கிழித்துப்போட்ட இரண்டு தடத்திலும் கல்லும், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் நிரப்பியிருந்தார்கள். அள்ளிய சேற்றை நடுவில் குவித்திருந்தார்கள். லொறிக்கு அது சரி. ஆட்டோவின் முன் சக்கரம் போவது அந்த நடுவில்தான். பாவம், எங்கள் ஆட்கள் ரோடு என்றாலே லொறியைத்தான் நினைப்பார்கள்.

தெரியாத தரையில் முதலில் கால் போகவேண்டும், பிறகுதான் சக்கரம். நான் இறங்கிப்போய்ச் சேற்றை மிதித்துப் பார்த்தேன். கணுக்கால் வரை உள்ளே போனது. திரும்பினால் என் சீட்டில், அந்தக் கொழுந்து லொறியை ஓட்டும் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்கதான் எறங்கிட்டீங்களே தங்கச்சி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ரோட்டைப் பார்க்க இறங்கினேன், வண்டியைக் கொடுக்க இறங்கவில்லை என்றேன். நாலு சில்லு லொறி ஓட்டுகிறவனுக்கு மூணு சில்லு ஆட்டோ பெரிய காரியமா என்று சிரித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கினார். லொறியில் அவர் கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வழுக்கியதும் பிரேக்கில் ஏறி மிதிப்பார். அந்தச் சரிவில் பிரேக்கை அப்படி மிதித்தால் ஆட்டோ புரளும். உள்ளே, வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து மூன்று உயிர். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அப்போது பின் சீட்டிலிருந்து அந்தப் பிள்ளைத்தாய்ச்சி பேசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி.

"அண்ணே, நீங்க எறங்குங்க. அக்கா ஓட்டட்டும். இல்லாட்டி நான் எறங்கி நடக்கிறேன்."

அவர் இறங்கினார். ஓட்டுகிற சீட்டிலிருந்து ஓர் ஆண் இறங்கியதை அந்த வளைவில் நான் அன்றுதான் பார்த்தேன்.

நடுவில் குவித்த சேற்றை வழிக்கச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் வழித்தார்கள். யாரும் தள்ளக்கூடாது என்றேன். முதல் கியர் போட்டு, கிளச்சைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விட்டேன். பாதி வளைவில் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி நழுவியது. மாமியார் ஒரு தெய்வத்தையும் விடாமல் கூப்பிட்டார். பிரேக்கில் அழுந்தத் துடித்த காலை அடக்கிக்கொண்டு, நழுவும் பக்கமே கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினேன். வண்டி நேரானது.

கீழே தார் ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸில் அவளை ஏற்றிவிட்டோம்; டவுன் ஆஸ்பத்திரியில் அன்று பகலே பெண் பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் தாராளம்.

அந்த வெள்ளிக்கிழமை வளைவில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். காவல்தெய்வம் முனியாண்டிதான் வண்டியைத் தாங்கிப் பிடித்தார் என்று லொறிக்கார அண்ணன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் திருநீறு நீட்டினார். பக்தியோடுதான் பூசிக்கொண்டேன். பூசிவிட்டுச் சொன்னேன்:

"சந்தோசம்ண்ணே. அடுத்த மழைக்கு முனியாண்டியவே ஓட்டச் சொல்லுங்க. நான் பின்னால உக்காந்துக்கிறேன்."