கப்பலில் வரும் காய்ச்சல்

ஜெயினம்பு அந்தப் பெயரை முதலில் கேட்டது பேரையூரில், மாவாட்டிக்கொண்டிருந்தபோது. மதுரையிலிருந்து மாப்பிள்ளைத் தகவல் கொண்டுவந்த மாமி சொன்னாள்: "பேரு நைனா முகமது. தெக்குவாசல்ல அத்தர் கடை. பீடி இல்ல, சீட்டு இல்ல. ரேடியோ மட்டுந்தான் கேப்பாரு." ரேடியோ கேட்பதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று அவள் குழவியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

வாழ வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மனுசர் லண்டன் ரேடியோவில் கேட்பது பாட்டும் அல்ல, சண்டைச் செய்தியும் அல்ல. எந்த ஊரில் சளிக்காய்ச்சல் நடக்கிறது என்பதைத்தான். சீனா என்றால் புருவத்தை உயர்த்துவார். ஹாங்காங் என்றால் பலகையை விட்டு எழுந்துவிடுவார். சிங்கப்பூர் என்று காதில் விழுந்துவிட்டாலோ வீட்டு ரசத்தில் மிளகு கூடிவிடும். "சீனாக்காரவுகளுக்குக் குளிரு விட்டா நமக்கு மழை புடிக்கும். அந்த எடவெளியில காய்ச்சலு கப்பலேறிரும், பாத்துக்க," என்பார்.

ரேடியோ சொல்லாததைக் கடைக்கு வருகிறவர்கள் சொல்லியாக வேண்டும். மலேயா, கொழும்பு என்று போய்வந்தவர்களிடம் அவர் சம்பாத்தியத்தையோ பிள்ளைகுட்டியையோ விசாரித்ததில்லை. சலாமுக்கு அடுத்த பேச்சே, "அங்கிட்டு இருமல் எம்புட்டு?" என்பதுதான். புறங்கையில் மல்லிகை அத்தரைத் தொட்டுவைத்து மோந்து பார்க்கச் சொல்வார். வாசம் தெரியவில்லை என்றவரைக் கண்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்குவார். "மூக்கடைச்சவுகளுக்கு அத்தர் எதுக்குண்ணே? சளி விட்டப்புறம் வாங்க." இப்படியே வியாபாரம் படுத்தது. ஊரில் ரசனை குறைந்துபோனதுதான் அதற்குக் காரணம் என்று நைனா சொல்லிக்கொண்டார்.

தெருவே சிரித்தது. ஜெயினம்பு மட்டும் சிரித்ததில்லை. ஐம்பத்தேழில் கப்பல் வழியாகக் காய்ச்சல் வந்ததே, அந்த வருசம் சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய, தம் தகப்பனாரின் அண்ணன் பெரியத்தாவின் கையில் நாலு வயதுத் தங்கச்சியைத் தூக்கிக் கொடுத்தவர் நைனா. பெரியத்தா பிழைத்துக்கொண்டார்.

எழுபத்தெட்டில் மகள் சாதிகாவுக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளையின் அத்தா பாதுஷா, வாடிப்பட்டிக்காரர், பினாங்கில் கடை. நிச்சயத்துக்கென்றே கப்பலேறி வந்திருந்தார். அந்த வாரம் பார்த்துத்தானா லண்டன்காரன் சிங்கப்பூர்ப் பக்கம் காய்ச்சல் என்று சொல்லவேண்டும்!

பாதுஷா வாசலில் செருப்பைக் கழற்றி, சலாம் சொல்லி, சம்பந்தியைக் கட்டித் தழுவக் கைகளை விரித்தார். நைனாவும் பதில் சலாம் சொன்னார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

விரித்த கை விரித்தபடி நின்றது. பாதுஷாவின் முகம் கறுத்துவிட்டது. "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே மச்சான். இம்புட்டுச் சனத்துக்கு முன்னால இது என்ன மரியாத?" செருப்பைத் திரும்ப மாட்டினார். திரைக்குப் பின்னால் கலகலத்துக்கொண்டிருந்த சாதிகாவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

"சாதிகா அத்தா, கைய முன்னால எடுங்க," என்று ஜெயினம்பு புருசனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அவர் எடுக்கவில்லை.

தெருவில் இறங்கிய பாதுஷா மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். "போறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிறேன். கடையவே மேல கவுத்துக்கிட்டீகளா? கண்ணெல்லாம் எரியுது."

"வாசமே வரலையேன்னுதான் காலையிலருந்து ஊத்திக்கிட்டிருக்கேன்," என்றார் நைனா. "இந்தத் தடவ வந்த சரக்கு மட்டம்."

சொல்லி வாய் மூடுமுன்னே அவருக்கு விளங்கிவிட்டது. கூடியிருந்தவர்களுக்கும் விளங்கிவிட்டது; அவரிடம் புறங்கை நீட்டாதவர் தெற்குவாசலில் யார் இருக்கிறார்கள்? முதல் சிரிப்பு திரைக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

"இது உள்ளூர்ச் சளி மச்சான்," என்றார் நைனா, தரையைப் பார்த்துக்கொண்டு. "வெளிநாட்டு ஆளுகள ஒண்ணும் செய்யாது."

ஜெயினம்பு தெருவுக்கே இறங்கிப் போனாள். "அண்ணே, ஒங்க மேல கோவமில்ல இவருக்கு. ஒரு தடவ கப்பல்ல வந்தவுக கையில தங்கச்சியத் தூக்கிக் குடுத்துட்டு, அந்த வாரமே அடக்கம் பண்ணிட்டு வந்தவரு."

பாதுஷா வாசலுக்குத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். "அப்படின்னா இன்னிக்குப் பயப்பட வேண்டியவன் நாந்தான். வாய்யா மச்சான்!" நைனா கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, கன்னம் இரண்டும் உப்ப, சம்பந்தியைக் கட்டிக்கொண்டார்.

அந்த வாரம் முடியுமுன் வாடிப்பட்டியில் பாதுஷாவுக்குக் காய்ச்சல். மதுரைப் பக்கம் சளி நடக்கிறது, யாரும் இப்போதைக்கு வரவேண்டாம் என்று அவர் பினாங்குக்குத் தந்தி அடித்தார்.

அந்தக் கல்யாணம் தள்ளித்தான் நடந்தது. சாதிகா பினாங்கில் குடியேறிவிட்டாள். வெகு காலம் கழித்து, போன மாசம் அவளுக்குப் பெண் குழந்தை. நைனா முகமது தம் வாழ்நாளில் முதல்முறையாகக் கப்பலேறினார். துறைமுகத்தில் சம்பந்தியை அவரேதான் முதலில் கட்டிப்பிடித்தாராம். பேத்தியைத் தூக்கச் சொன்னால் மட்டும், "கப்பல்ல வந்தவன் நானு. கொஞ்ச நாளு போகட்டும்," என்கிறாராம். இப்போது அவர் மகள் வீட்டு முன்னறையில் தனியாக இருக்கிறார்.