துன்னியா? குடிச்சியா?

எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்த புதிது. நகரியில் நான் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தேன். கணவர் குவைத்தில் டிரைவர். பதின்மூன்று வயது மகளுக்குத் தீராத வயிற்றுவலி, ரத்தபேதி. திருப்பதியில் காட்டினோம். குடலில் புண், சட்டென்று போகிற நோயில்லை என்றார் டாக்டரம்மா. ஆறு வாரம் சோறு, இட்லி எதுவும் கூடாது. மாத்திரையோடு, எழுதித் தரும் சத்துப் பவுடரைக் கரைத்து அதையே வேளாவேளைக்குக் குடிக்க வேண்டும். புண் ஆறாவிட்டால் ஆபரேஷன் வரை போகலாம் என்றார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலே எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று நினைக்கிற ஆள். சோறில்லாமல் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று வழியெல்லாம் அழுதேன்.

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, சாப்பிட்டாயா என்றுதான். மூன்றாம் நாள் கணவரும் போனில் அதே பழக்கத்தில், "துன்னியா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். மகள் போனை என் மடியில் போட்டுவிட்டு அழுதாள். மனசு கேட்காமல் ரசம் சோறு பிசைந்துவிட்டேன். அவள்தான் தட்டைத் தள்ளினாள். "வேணாம்மா. அப்புறம் வயித்த அறுத்துடுவாங்க."

மறுநாள் அவளே அப்பாவிடம், "நைனா, துன்னியான்னு கேக்காத. குடிச்சியான்னு கேளு," என்றாள்.

"அட, சாராயமே கூடாத இந்த ஊர்ல அப்டி கேட்டா போலீஸ் வந்துடும் கண்ணு!" ஒரே சிரிப்பு.

அது தெருவெல்லாம் பரவியது. எதிர்வீட்டு அக்கா தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவார்: "ஏய், குடிச்சியாடி?"

"ரெண்டு கிளாஸ் போட்டேங்க்கா!"

திருப்பதி பஸ் ஏறும்போதும் வழியனுப்ப வந்த அக்காவோடு இதே கூத்து. கண்டக்டர் என் மகளை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. அவளோ சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

ஆறு வாரம் முடிந்தது. "பாகா தாகாவா தல்லி?" என்றார் டாக்டரம்மா. தெலுங்கில் அதுவும் 'நல்லா குடிச்சியா'தான். மகள் சிரிப்போடு கதை முழுக்கச் சொல்ல, அவரும் சிரித்துவிட்டார். எடை கூடியிருந்தது, ரத்தம் நின்றிருந்தது, புண் ஆறிக்கொண்டு வந்தது. மாத்திரையை விடக் கூடாது, சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம் என்றார்.

அன்று மாலை போன். "குடிச்சியா கண்ணு?"

"துன்னேன் நைனா!"

குழைந்த சோறு, நாலே வாய்தான். குவைத்தில் அவரோடு அறையில் இருந்தவர் போனை வாங்கி, "ஒண்ணுமில்லம்மா, ஒங்க நைனா அழுதுக்கினு கீறாரு," என்றார்.

மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நானோ இன்றும் யாரையாவது 'துன்னியா' என்று கேட்பதற்கு முன், ஒரு நொடி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.