பின் அச்சும் பெரிய நம்பரும்

போன ஞாயிறு காலமை ரொறொன்ரோ 401 ஹைவேயிலை ஒரு சிவப்புக் கார் உங்களுக்கு முன்னாலை ஊர்ந்துகொண்டு போச்சுதோ? கோன் அடிச்சுத் திட்டினீங்களோ? அது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

கார் என்ரையில்லை. என்ரை மனிசியின்ரை தம்பி குகனின்ரை. எழுபதாம் ஆண்டு மசில் கார் — பெரிய என்ஜின், ரண்டே கதவு, வீடு முழுக்கத் தலையிடி. தன்ரை கலியாணத்துக்கு உதிலைதான் வருவாராம் மாப்பிள்ளை!

கலியாணத்துக்கு மூண்டு கிழமை இருக்க, பின் அச்சு முனகத் தொடங்கிச்சுது. உள்ளுக்கை பல்லுச்சில்லெல்லாம் தேஞ்சுபோச்சாம். வேறை அச்சுத் தேடி ஒஷாவாப் பக்கம் பழைய கார் உடைச்சு விக்கிற ஒரு ஸ்கிராப் யார்ட்டுக்குப் போனம். பொருந்திற அச்சு ரண்டு கிடந்தது.

"ரண்டு புள்ளி ஏழோ, நாலு புள்ளி அஞ்சோ?" எண்டு யார்ட்காரன் கேட்டான்.

குகன் என்னைப் பார்த்தான். நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்... இருப்பனோ?

"பெரிய நம்பரை எடடாப்பா. ஆராவது சின்ன நம்பரை எடுப்பினமோ?"

பின்னை என்ன? மார்க்ஸ் எண்ணி வளர்ந்த சனம் நாங்கள். "அது ரேஸ் ஓடுறவைக்கு..." எண்டு யார்ட்காரன் ஏதோ சொல்ல வந்தவன். ரேஸ் எண்டதும் குகனுக்குக் கண் மின்னிச்சுது. மிச்சத்தை ஆர் கேட்டது?

ரண்டு சனிக்கிழமை மில்லிக்கனிலை எங்கடை வீட்டு டிரைவ்வேயிலை காருக்குக் கீழை கிடந்தம். துருப்பிடிச்ச போல்ட் ஒண்டைக் கழட்ட அரை நாள். புது அச்சை ஏத்தேக்க என்ரை பெருவிரல் நசிஞ்சுது.

"கண்டறியாத காரும் நீங்களும்! இந்த நாட்டிலை மெக்கானிக் இல்லையோ?" எண்டாள் மனிசி. பொறாமை, வேறையென்ன!

கலியாண நாள் வந்துது. மிசிசாகா மண்டபத்திலை பத்தேமுக்காலுக்கு முன்னம் தாலி ஏறவேணும். அதுக்குப் பிறகு நல்ல நேரம் இல்லை எண்டு ஐயர் கண்டிப்பாய்ச் சொல்லிப்போட்டார். நாங்கள் வழக்கம்போலப் பிந்தி, பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்க வெளிக்கிட்டம். ஓடுறது நான். கார் பாய்ஞ்ச பாய்ச்சலிலை மாப்பிள்ளையின்ரை தலைப்பாகை பின் சீற்றிலை போய் விழுந்துது.

"பாத்தியே... பெரிய நம்பர்!" எண்டன்.

401-இலை மீற்றர் மணிக்கு அறுபது மைல் காட்டினது. ஆனாலும் எல்லாரும் எங்களை முந்தினாங்கள். "உவங்களுக்கு அப்பிடி என்ன அவசரம்?" எண்டு நான் ஏசினன். அப்ப ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் முந்திச்சுது. எங்கடை சொந்தக்காரரை ஏத்திக்கொண்டு, பத்து நிமிசம் பிந்தி வெளிக்கிட்ட வாடகை பஸ்! யன்னல் முழுக்கக் கை காட்டிச்சினம்.

குகனுக்கு முகம் வெளிறிப்போச்சு. "அத்தான், கோனை அடியுங்கோ!"

கோன் கேட்டு பஸ் கரையிலை நிண்டுது, நானும் பின்னாலை நிப்பாட்டினன். "முப்பத்தஞ்சு மைலிலை ஹைவேயிலை என்ன செய்யிறீர்?" எண்டு டிரைவர் என்னைக் கேட்டார். மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸிலை ஏறினான்.

அப்பதான் எனக்கு மண்டையிலை ஏறினது. பெரிய நம்பர் எண்டால் சில்லு ஒருக்காச் சுத்த என்ஜின் கூடத்தரம் சுத்தவேணும். வெளிக்கிடேக்க பாய்ச்சல், பிறகு இழுவை. மீற்றரோ பழைய அச்சுக் கணக்கிலை பொய் சொல்லிக்கொண்டிருக்குது.

வேர்வை துடைக்க ரிசூ தேடி முன் லாச்சியைத் திறந்தன். உள்ளுக்கை, சிவப்புப் பட்டுத் துணியிலை... தாலிக்கொடி!

ஐயோ கடவுளே! மாப்பிள்ளை பஸ்ஸிலை, தாலி என்னோடை. செல்போன் வைச்சிருக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளுமில்லை. உண்மையாய் அழுகை வந்திட்டுது. மிதிச்சன்... மீற்றர் நூறு! என்ஜின் குழறிச்சுது. அப்பவும் ஒரு வெள்ளைக்கார ஆச்சி என்னை முந்திக்கொண்டு போனா.

பத்து நாப்பத்திரண்டுக்கு மண்டபத்துக்குள்ளை சப்பாத்தோடை ஓடினன். ஐயர் என்ரை கையிலையிருந்து பறிச்செடுத்தார். தாலி ஏறிச்சுது. மனிசி பார்த்த பார்வையை இஞ்சை எழுதேலாது, பேப்பர் பத்திப்போடும்.

பின்னேரம், பொம்பிளை மாப்பிள்ளை வீட்டை போக, பூக் கட்டின கார் வாசலிலை ரெடி. பொம்பிளை காரைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"அண்ணை, குறை நினையாதேங்கோ."

கூறைச் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸிலை ஏறினா. காரின்ரை சொந்தக்காரனும் பின்னாலை ஏறினான்.

பூக் கட்டின காரிலை நான் தனிய வந்தன். மீற்றர் அறுபது காட்டினது... பொய்தான், எண்டாலும் பார்க்க நல்லாத்தான் இருந்துது!